மெல்லிசுப் பெட்டியா, அசையாத பெட்டியா? செங்கோட்டை ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர்?

ஆரியங்காவு காற்று, செங்கோட்டை:

வணக்கம். இத்தனை நாள் வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டவன், இப்போது கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. ஹாலுக்கு நல்லதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன். இந்த மாதிரிச் செலவுக்கு வீட்டில் இன்னொரு தடவை தலையாட்ட மாட்டார்கள், அதனால் நாலு பேரைக் கேட்டுவிட்டு இறங்கலாம் என்று இருக்கிறேன். ஹால் 12-க்கு 16 அடி, உயரம் 10 அடி, மேலே கான்கிரீட், கீழே வழவழ டைல்ஸ், ஒரு சுவரில் பாதிக்குக் கண்ணாடி அலமாரி. கைதட்டினால் டங்கென்று திரும்பி வரும். ஆம்ப் கையில் இருக்கிறது, சேனலுக்கு 50 வாட். கேட்பது வாய்ப்பாட்டுக் கச்சேரி, நாகஸ்வரம், பழைய சினிமாப் பாட்டு. பெரும்பாலும் ராத்திரிதான், சத்தம் குறைவாக, தரையில் உட்கார்ந்துகொண்டு.

பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறிப்போய் எர்ணாகுளத்துக் கடைகளில் கேட்டேன். ஹார்பெத் பி3இஎஸ்ஆரில் குரல் அப்படியே இருந்தது, பக்கவாத்தியம் மட்டும் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. கெஃப் எல்எஸ்50 மெட்டாவில் வயலின் எந்தப் பக்கம், மிருதங்கம் எந்தப் பக்கம் என்று விரல் நீட்டிக் காட்டலாம். பி அண்ட் டபிள்யூ 805-இல் வில் நரம்பில் உரசுவதுகூடக் கேட்டது, ஆனால் கொஞ்ச நேரத்தில் காது அலுத்துவிட்டது. விலையும் என் பட்ஜெட்டுக்கு மேலே, பழசு கிடைத்தால்தான் யோசிக்க முடியும்.

குழப்பம் எங்கே என்றால், கடைக்காரர் சொல்வதே ஒன்றுக்கொன்று இடிக்கிறது. ஹார்பெத் பெட்டியை விரலால் தட்டினால் பொத்தென்று கேட்கிறது, பலகை மெல்லிசு, வேண்டுமென்றேதான் அப்படி என்கிறார். அதே வாயால் மாஜிகோ என்ற இன்னொரு கம்பெனி ஸ்பீக்கரைப் பற்றிப் பேசும்போது பெட்டி முழுக்க அலுமினியம், அசையவே அசையாது, இன்ஜினியரிங் என்றால் அதுதான் என்கிறார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும்? 805-இல் இருக்கிற வைர ட்வீட்டருக்கு, அதுதான் மேல் சுருதிக்கான அந்தச் சின்ன யூனிட்டுக்கு, கொடுக்கிற காசு காதுக்கு வந்து சேருமா? நம் ஊர் ஈரத்துக்கு எது தாங்கும்?

குழாய் செட், புளியரை:

அண்ணாச்சி, என் சாய்வு என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா காலத்திலிருந்து மைக் செட் வாடகைதான் எங்களுக்குப் பிழைப்பு. எந்த ஸ்பீக்கரைப் பார்த்தாலும் நான் தேடுவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் என்பதைத்தான். ஹார்பெத்துக்கு 83.5 போட்டிருப்பார்கள், எல்எஸ்50 மெட்டாவுக்கு 85. இரண்டுமே சோம்பேறிகள். உங்கள் 50 வாட் மொத்தமும் போனால் அதற்கு மேல் 17 டெசிபல் கூடும், நீங்கள் உட்காரும் இடத்துக்கு வருவதற்குள் ஏழெட்டு குறையும், ஸ்பீக்கர் இரண்டு என்பதால் மூன்று திரும்பக் கிடைக்கும். கூட்டிக் கழித்தால் 96, 97-இல் நிற்கும். குரலுக்கு அது ஏராளம். கோயில் மண்டபத்தில் பக்கத்தில் நின்று நாகஸ்வரமும் தவிலும் கேட்டுப் பழகியவருக்கு அது போதாது, உச்சத்துக்குப் போகும்போது ஆம்ப் திணறுவது தெரியும்.

குழாயின் கணக்கே வேறு. நேராகக் காற்றைத் தள்ளுகிற இந்த மாதிரிக் கோன்கள் வாங்குகிற மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை, மீதியெல்லாம் கோனை ஆட்டுகிற கம்பிச்சுருளில், அதாவது வாய்ஸ் காயிலில், சூடாகப் போகிறது. ஒலி எழுப்புகிற யூனிட்டுக்கு, அதாவது டிரைவருக்கு, முன்னால் மெல்ல மெல்ல விரிகிற குழாயை வைத்தால் தகட்டுக்குக் காற்றில் பிடி கிடைக்கும். கோயில் கொடைக்குத் தென்னையில் கட்டுகிற குழாய் சின்ன ஆம்பிலேயே அடுத்த ஊர்வரை போவது அதனால்தான். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1946-இல் விற்கத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன் இதை அடிச் சுருதியான பாஸுக்கும் கொண்டுபோனது, சுவர் மூலையையே குழாயின் கடைசித் துண்டாக வைத்துக்கொண்டு. 105 டெசிபல் பக்கம் வரும். இன்றைக்கும் செய்கிறார்கள். உங்கள் ஹாலில் இரண்டு மூலை காலியாக இருக்கிறதா சொல்லுங்கள்!

ஈரத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதில் என் பேச்சை நம்பலாம். கோனைச் சுற்றி இருக்கிற வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள், ஃபோம் என்றால் திரும்பிப் பார்க்காதீர்கள். ஜூன் பிறந்தால் சுவரே வியர்க்கிற ஊர் நமது. பழைய செட் ஒன்று ரிப்பேருக்கு வரும், வெளியே துடைத்து வைத்து பளபளவென்று இருக்கும், வலையைக் கழற்றி அந்த வளையத்தை லேசாகத் தொட்டால் கறுப்பாகப் பிசுபிசுவென்று விரலோடு வந்துவிடும். ஒரு பக்கம் உதிர்ந்ததும் கோன் சாய்ந்து காயில் காந்தத்தில் உரச ஆரம்பிக்கும், மெல்லிய சத்தத்தில்கூட கரகரவென்று கேட்கும். நீங்கள் சொன்ன மூன்றிலும் ரப்பர்தான், அந்த மட்டில் தப்பித்தீர்கள். பழசு வாங்கினால் மட்டும் கோனை நான்கு விரலால் சமமாக உள்ளே அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள், உரசல் இருந்தால் கையிலேயே தெரியும்.

வலந்தலை, தென்காசி:

பெட்டி, வாட் எல்லாம் இருக்கட்டும். மிருதங்கத்தின் இடது பக்கம், தொப்பியில் கும்கி கொடுக்கும்போது மணிக்கட்டு தோலின் மேல் நகர நகர நாதம் வளைந்து ஏறும். அந்த வளைவு ஸ்பீக்கரில் வருகிறதா, இல்லை தும் என்று ஒரே இடத்தில் நின்றுவிடுகிறதா? லட்சக்கணக்கில் விலை போட்ட பலதில் தும்தான். 5 அங்குலக் கோனிடம் இதை எதிர்பார்ப்பது வீண். என் ஓட்டு பெரிய வூஃபருக்கு, கீழ்ச் சுருதிக்கான கோனுக்கு.

இன்னொன்று, இப்போது வருகிற கச்சேரிப் பதிவுகளில் பாதி மைக்கை வாத்தியத்தின் மேலேயே ஒட்டவைத்து எடுத்தவை. அதைப் போட்டு ஸ்பீக்கரைத் தீர்மானிக்காதீர்கள் சார்.

பாலருவி பயணி, எர்ணாகுளம், சொந்த ஊர் கடையநல்லூர்:

கடைக்காரர் இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். எந்தப் பலகையும் ஏதாவது ஒரு சுருதியில் அதிரத்தான் செய்யும், அந்த அதிர்வை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் இரண்டு கட்சி. பலகையைக் கனமாக, விறைப்பாகச் செய்தால் அதிர்வின் சுருதி மேலே போகும், அளவும் குறையும். மேலே போகிறபோது அது குரல் இருக்கிற பகுதியில் போய் உட்காரும் ஆபத்து உண்டு, நம் காது ரொம்பக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். பிபிசி ஆராய்ச்சிப் பிரிவில் ஹார்வுட், மேத்யூஸ் இருவரும் 1977-இல் கேபினட் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். மெல்லிய பிர்ச் பிளைவுட், உள்பக்கம் கனமான ஒட்டு அட்டை, முன்பலகையோ பின்பலகையோ பசை போடாமல் ஸ்குரூவில். அதிர்வு நிற்காது, ஆனால் குரலுக்குக் கீழே இறங்கிவிடும், இறங்கின இடத்திலும் நெடுநேரம் ரீங்கரிக்காமல் அடங்கிவிடும். வலந்தலை அண்ணனுக்கு இது புதுசே இல்லை, தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டினால் என்ன ஆகிறதோ அதேதான் இது. அதே 1977-இல் ஹார்வுட் தொடங்கிய கம்பெனிதான் ஹார்பெத்.

நீங்கள் கேட்ட பி3இஎஸ்ஆரின் பூர்வீகமும் அங்கேதான். பிபிசியின் எல்எஸ்3/5ஏ, வெளி ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துப் பேச்சு சரியாக வருகிறதா என்று பார்க்கச் செய்த குட்டி மானிட்டர் ஸ்பீக்கர். அதற்குள் இருந்த வூஃபர், ட்வீட்டர் இரண்டும் கெஃப் தயாரிப்பு, ஆக நீங்கள் தள்ளாடுகிற இரண்டு கம்பெனிக்கும் ஒரே முப்பாட்டன். குரல் நன்றாக இருந்தது, பக்கவாத்தியம் சின்னதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தப் பெட்டி எதற்காகப் பிறந்ததோ அதைத்தான் உங்கள் காது சொல்லியிருக்கிறது.

மறுகட்சி மாஜிகோ, வில்சன். டேவிட் வில்சன் 1986-இல் கொண்டுவந்த, ‘வாட்’ என்று பெயர் வைத்த ஸ்பீக்கர் சின்னப் பெட்டிதான், ஆனால் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். நினைத்த சுருதியிலெல்லாம் பெட்டியை ஊமையாக்க வேண்டும் என்ற பிடிவாதம் அது. அதற்குப் பணமும் எடையும் எக்கச்சக்கமாக வேண்டும், செய்ய முடிந்தவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். மலிவு விலையில் பாதிக் கனத்தில் செய்வதுதான் இரண்டும் கெட்டான்.

ஆனால் எனக்குப் பெட்டிச் சண்டையில் அவ்வளவு அக்கறை இல்லை. ஸ்பீக்கர் நேர்முன்னால் அனுப்புவதைப் போலவே பக்கவாட்டிலும் மேலும் கீழும் என்ன அனுப்புகிறது என்பதில்தான் உங்கள் மாதிரி ஹாலுக்கு வாழ்வும் சாவும். டைல்ஸ், கான்கிரீட், கண்ணாடி என்றால் நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி சுவரில் பட்டுத் திரும்பியது. நேரே வருகிற ஒலியும் திரும்பி வருகிற ஒலியும் ஒரே நிறத்தில் இருந்தால் மூளை அதை ஒரே பாட்டாக எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் என்ன காரணம் என்று தெரியாமலே அலுப்புத் தட்டும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் ஃபிளாய்ட் டூல் இதை வருஷக்கணக்காகத் திரைபோட்டு, எது எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார், அப்புறம் ஹார்மன் கம்பெனியில் ஷான் ஆலிவோடு சேர்ந்து தொடர்ந்தார். நேரே சமமாகவும் பக்கவாட்டில் மேடுபள்ளம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குவதாகவும் இருப்பதைத்தான் பெரும்பாலோர் திரும்பத் திரும்ப விரும்பினார்கள். திரையை எடுத்துவிட்டால் மார்க் மாறியது. பெரிய பெட்டிக்கும் பெயருக்கும் கண் மார்க் போட்டது.

இதை வைத்துப் பார்த்தால் 805 உங்களுக்கு ஏன் அலுத்தது என்று ஒரு யூகம் சொல்லலாம். 6.5 அங்குல வூஃபரை நல்ல உயரம் வரைக்கும் ஓடவிடுகிறார்கள், அந்த உயரத்தில் வூஃபரின் ஒலி முன்பக்கம் மட்டும் குவிந்து போகும். அதற்கு மேல் பெட்டியின் தலையில் தனியாக உட்கார்ந்திருக்கிற ட்வீட்டர் பொறுப்பேற்றதும் சட்டென்று எல்லாப் பக்கமும் விரியும். ஜமுக்காளம், சோபா, திரைச்சீலை நிறைந்த அறையில் அது தெரியாது. கண்ணாடி அலமாரி இருக்கிற அறையில் பளிச்சென்று தெரியும். வைரம் என்பது பொய்யில்லை, ரசாயன ஆவியிலிருந்து படியவைத்து வளர்த்த நிஜமான வைரத் தகடுதான். ட்வீட்டரின் குவிந்த தகடான டோம் நெளிய ஆரம்பிக்கும் இடம் அலுமினியத்தில் 30 கிலோஹெர்ட்ஸ் பக்கம், வைரத்தில் 70 பக்கம் என்று கம்பெனி கணக்கு. நம் காது 20-லேயே நின்றுவிடும், நாற்பது வயதுக்கு மேல் அதுவும் இல்லை. அழகான வேலைப்பாடு, ஆனால் உங்கள் காசை அதில் போடச் சொல்ல மாட்டேன்.

கெஃப் 1988-இலிருந்து செய்கிற யூனி-க்யூவில் ட்வீட்டர் வூஃபரின் நடுமையத்திலேயே இருக்கிறது. சின்ன நியோடிமியம் காந்தம் கிடைத்த பிறகுதான் அந்த இடத்துக்குள் அதை நுழைக்க முடிந்தது. உங்களுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. தரையில் உட்கார்கிறேன் என்றீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு யூனிட் உள்ள ஸ்பீக்கரில் காது ட்வீட்டர் மட்டத்தைவிட ரொம்பக் கீழே போனால் இரண்டின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வந்து, அவை கைமாறுகிற சுருதியில் ஒரு பள்ளம் விழும். யூனி-க்யூவில் உட்கார்ந்தாலும் நின்றாலும் ஊஞ்சலில் படுத்தாலும் நிறம் ஒன்றுதான். மெட்டாவில் ட்வீட்டருக்குப் பின்னால் ஒரு வட்டத் தட்டு, அதற்குள் வெவ்வேறு நீளத்தில் சுருண்டு போகிற குறுகிய பாதைகள், ஒவ்வொன்றும் ஒரு சுருதியை விழுங்கும். பின்பக்கம் போகிற ஒலி திரும்பி வந்து டோமைக் குழப்பக் கூடாது என்பதுதான் நோக்கம். இதே வேலைக்கு 1993-இல் பி அண்ட் டபிள்யூ நாட்டிலஸில் முழ நீளக் கூம்புக் குழல்களை வைத்தார்கள், நத்தை மாதிரி இருக்குமே, அதுதான்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இப்போது வீட்டில் இருக்கிற ஸ்பீக்கரில் ஒன்றை மட்டும் மூலையில் வைத்து, போனில் ஒற்றைச் சுருதி ஒலிக்கிற டோன் ஆப் போட்டு 47 ஹெர்ட்ஸை ஓடவிட்டு ஹாலின் குறுக்கே நடந்து பாருங்கள்.

ஆரியங்காவு காற்று:

நடந்து பார்த்தேன், பேய் பிடித்த ஹால்! இடது சுவர் ஓரம் வயிற்றில் இடிக்கிறது, அலமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடுகிறது, உள்ளே இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் வேறு சேர்ந்துகொண்டன. நடுவே வந்தால் ஒன்றுமே இல்லை, ஸ்பீக்கர் நின்றுவிட்டதோ என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன், கோன் பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. வலது சுவருக்குப் போனால் மறுபடி இடி. வீட்டில் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

குழாய் செட் தம்பி, மூலை ஒன்றில் பீரோ, ஒன்றில் பூஜை அலமாரி, கிளிப்ஷ்ஹார்னுக்கு எங்கள் வீட்டில் ஓட்டு விழாது. கொச்சியிலேயே ஒருவர் குழாய் பாணியில் ஸ்பீக்கர் செய்கிறார் என்று கேள்விப்பட்டேன், அதைப் பற்றிச் சொல்லுங்கள். எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர் குரலுக்கு ராஜா என்கிறார்களே, அது?

பாலருவி பயணி:

ஒலியின் வேகம் விநாடிக்கு 344 மீட்டர், உங்கள் அகலம் 3.66 மீட்டர், அந்த அகலத்தில் அரை அலை சரியாக அடங்குகிற சுருதிதான் 47. சுவர் ஓரம் இரண்டு பக்கமும் உச்சம், நடுவில் பூஜ்யம். இதை எந்த விலை ஸ்பீக்கரும் மாற்றாது. ஆனால் ஒரு நல்ல சேதி, இரண்டு ஸ்பீக்கரையும் இடம் வலம் சமமாக வைத்தால் இரண்டிலும் வருகிற ஒரே பாஸ் இந்த ஊசலை எதிரெதிராகத் தள்ளி அடக்கிவிடும். நீளவாட்டில் 35 பக்கம் இன்னொன்று இருக்கும், இந்தச் சின்னப் பெட்டிகள் அவ்வளவு கீழே இறங்குவதே இல்லை, விட்டுவிடலாம். பின்சுவரிலிருந்து இரண்டு அடியில் வைத்தால் 140 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும், ஆண்குரலின் அடிப்பகுதியே அங்கேதான் இருக்கிறது. முன்னும் பின்னும் அரை அடி நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். எல்எஸ்50-க்குப் பின்னால் ஓட்டை உண்டு, சுவர் பக்கம் வைக்க வேண்டிவந்தால் கூடவே வருகிற ஃபோம் அடைப்பானைச் சொருகலாம். ஹார்பெத் முழுக்க மூடிய பெட்டி, பாஸ் அதில் சீக்கிரமே குறைய ஆரம்பித்தாலும் மெதுவாகத்தான் குறையும், சுவர் கொஞ்சம் கைகொடுக்கும்.

நீங்கள் கேள்விப்பட்டது ரெத்ம் என்ற கம்பெனி. கட்டடக் கலைஞர் ஜேக்கப் ஜார்ஜ் கொச்சியில் தொடங்கியது. ஆரம்பத்தில் இங்கிலாந்து லோதர் கம்பெனியின் டிரைவர், பிறகு சொந்த டிரைவர். மார்கா, சாதனா மாதிரி மாடல்களில் குரலும் அதற்கு மேலும் முழுக்க ஒரே பேப்பர் கோன், சுருதியைப் பிரித்து வெவ்வேறு யூனிட்டுக்கு அனுப்புகிற கிராஸ்ஓவரே நடுவில் கிடையாது, அடிப் பாஸுக்கு மட்டும் பெட்டிக்குள்ளேயே தனி ஆம்ப். வாய்ப்பாட்டில் அந்த உடனடித்தன்மைக்கு நான் அடிமை. ஒற்றைக் கோன் என்பதால் மேல் சுருதி நேர்முன்னால் மட்டும் குவியும், தலையை அசைத்தால் மாறும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து கேட்பதற்கு அருமை, குடும்பம் மொத்தமும் சுற்றி உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர்களுக்குப் பாதிதான். போய்க் கேளுங்கள், கேட்காமல் முடிவு பண்ணாதீர்கள்.

எலக்ட்ரோஸ்டேட்டிக்கில் பீட்டர் வாக்கரின் குவாட் 1957-இல் வந்தது, குரலில் அதை மிஞ்சியது இன்னும் குறைவு. ஓட்டை போட்ட இரண்டு தகட்டுக்கு நடுவில் மெல்லிய படலம், அதில் ஆயிரக்கணக்கான வோல்ட். ஈரக் காற்றில் அந்த மின்னேற்றம் கசியும், தூசி சேர்ந்தால் பட்பட்டென்று பொறி பறக்கும். ஏசி போட்டு மூடிவைத்த அறை என்றால் சரி. ஜன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே வருகிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

வலந்தலை:

ஒற்றைக் கோனில் தொப்பி எப்படி இருக்கிறது என்று அங்கே போகிறவர் எழுதுங்கள். தனி ஆம்ப் பாஸ் என்றால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

குழாய் செட்:

மூலையில் பீரோ, பூஜை அலமாரி என்றால் நான் என்ன செய்ய, போகட்டும். சத்தம் குறைவாக ராத்திரிக் கேட்பதுதான் முக்கியம் என்றால் எல்எஸ்50 மெட்டாவுக்கு நானும் தலையாட்டுகிறேன், நாகஸ்வரத்துக்கு என்னிடம் வாருங்கள்.

ஸ்டாண்டைக் கடையில் வாங்காதீர்கள். அங்கே விற்கிற 24 அங்குலம் நாற்காலியில் உட்கார்கிறவர்களுக்கு, தரையில் உட்கார்ந்தால் 18 போதும், காது ஏறக்குறைய யூனிட் மட்டத்துக்கு வந்துவிடும். நம் பக்கம் எந்த வெல்டிங் பட்டறையிலும் சதுரக் குழாயில் அடித்துத் தருவார்கள், உள்ளே மணலை வெயிலில் நன்றாகக் காயவைத்து நிரப்பி மேலே மூடிவிடச் சொல்லுங்கள், ஈர மணல் போட்டால் உள்ளிருந்தே துரு பிடிக்கும். ஹாலில் பத்தமடைப் பாயை விரித்துவிட்டு எதிரொலி போகும் என்று இருக்காதீர்கள், பார்க்கத்தான் அழகு. இலவம்பஞ்சு மெத்தை பழசு இருந்தால் துணி உறை போட்டு எதிர்ச் சுவரில் சாத்துங்கள், கைதட்டினால் வருகிற அந்த டங் பாதி போகும். அந்த டம்ளர்களை மட்டும் சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள் அண்ணாச்சி.